பிளேட்டு என்ன மெட்டல்னு கேக்காதீங்க, உள்பக்கம் என்னாச்சுன்னு கேளுங்க

பெரியம்மாவுக்கு மேல்கை எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் பண்ணி, பிளேட் வச்சு, வீட்டுக்கும் கூட்டிட்டு வந்தாச்சு. அன்னையில இருந்து பாக்க வர்றவங்க எல்லாரும் கேக்கற கேள்வி ரெண்டுதான்.

"ஸ்டீலுங்களா, டைட்டானியமுங்களா?"

"ஃபாரின் ஐட்டமா, நம்மூரு ஐட்டமா?"

டைட்டானியம்னு சொன்ன உடனே அவங்க முகத்துல ஒரு நிம்மதி. "அப்பறம் என்னங்க, ஏரோப்ளேனுக்கே அதைத்தான் போடறாங்களாம். இனி அந்தக் கை ஒடையவே ஒடையாது."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு உள்ளுக்குள்ள எரியுது. வர்றவங்க மேல இல்ல (ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்றாங்க, அந்தப் பாசத்துக்கு என்ன குறை). அந்த நம்பிக்கை மேலதான் கோவம். அதை நம்பி பெரியம்மா ஒரு நாள் அந்தக் கையையே ஊனிக் கட்டில்ல இருந்து எந்திரிக்கப் பாத்தாங்க. ஓடிப் போய்ப் பிடிச்சேன். "விடுடா, டைட்டானியம் தாங்கும்"னாங்க.

டைட்டானியம் தாங்கும். எலும்பு தாங்காது.

இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

நான் டாக்டர் இல்லீங்க. கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறை. பொழப்பே இரும்பு, போல்ட்டு, மரைதான். அதனால பெரியம்மாவோட எக்ஸ்ரேவைப் பாத்ததும் என் கண்ணு எலும்பைப் பாக்கல, ஸ்க்ரூ எந்தக் கோணத்துல போயிருக்குன்னுதான் பாத்துச்சு. அப்பறம் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இது எங்க தொழிலோட அசல் சொந்தக்காரன்னு தெரிஞ்சுது.

முதல்ல எங்க உடைஞ்சுதுன்னு சொல்லிடறேன். தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் ஒரே எலும்பு. ஹ்யூமரஸ். அதோட மேல் நுனி ஒரு பந்து. அந்தப் பந்துதான் தோள்பட்டைக் கிண்ணத்துல உக்காந்து சுத்துது. வயசானவங்க கையை நீட்டி விழுந்து இந்த எலும்பு உடைஞ்சா, பெரும்பாலும் இந்தப் பந்துக்குக் கீழதான் உடையும். இடுப்பு, மணிக்கட்டு ரெண்டுக்கும் அடுத்தபடியா வயசானவங்களுக்கு அதிகமா உடையற இடங்கள்ல இதுவும் ஒண்ணு.

அமெரிக்காவுல சார்லஸ் நீர்னு ஒரு டாக்டர். 1970-ல இந்த உடைப்பை நாலு துண்டாப் பிரிச்சுப் பாக்கச் சொன்னாரு. பந்து ஒண்ணு. பந்துக்குப் பக்கத்துல தசைநார் வந்து ஒட்டிக்கற மேடு ரெண்டு, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. கீழ தண்டு ஒண்ணு. எந்தத் துண்டாவது 1 சென்டிமீட்டருக்கு மேல விலகியிருந்தாலோ, 45 டிகிரிக்கு மேல திரும்பியிருந்தாலோ அதைத் தனித் துண்டாக் கணக்குல எடுத்துக்கணும். இன்னைக்கும் டாக்டர்ங்க "த்ரீ பார்ட்", "ஃபோர் பார்ட்"னு பேசிக்கறது இந்தக் கணக்குதான்.

பெரியம்மாவுக்கு மூணு துண்டு. பந்து உள்பக்கமா, அதாவது அக்குள் பக்கமா, நல்லாச் சாஞ்சு போயிருந்துச்சு.

ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்துல மாட்டிட்டு, பேனா நுனியை வச்சது பிளேட் வரப் போற இடத்துல இல்ல. அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். அக்குள் பக்கத்து எலும்பு ஓரம். "இங்க எலும்பு நொறுங்கியிருக்கு. இந்த ஓரம் ஒண்ணோட ஒண்ணு தொட்டு நின்னாத்தான் நான் வைக்கற பிளேட் நிக்கும்"னாரு.

பிளேட் வெளிப்பக்கம். கவலை உள்பக்கம். எனக்கு அப்பவே ஏதோ பொறி தட்டுச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். (கணக்குன்னா ஓடாதீங்க. பெருக்கல் வகுத்தல்தான்.)

ஆளோட எடை 60 கிலோன்னு வச்சுக்கோங்க. ஒரு கை சுமாரா உடம்பு எடையில நூத்துக்கு அஞ்சு பங்கு. அப்ப 3 கிலோ. கையைப் பக்கவாட்டுல நேரா நீட்டினா அந்த 3 கிலோவோட மையம் தோள் மூட்டுல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அதைத் தூக்கிப் பிடிக்கற தோள்பட்டைத் தசைக்குக் கிடைக்கற நெம்பு தூரம் வெறும் 3 சென்டிமீட்டர் சுமார். பத்துக்கு ஒண்ணு. அப்ப 3 கிலோ கையைச் சும்மா நீட்டிப் பிடிக்கவே தசை 30 கிலோ அளவுக்கு இழுக்கணும். உள்ளங்கையில ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை வச்சா? அது மூட்டுல இருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. இன்னொரு 20 கிலோ. மொத்தம் 50.

ஒரு தண்ணி பாட்டிலுக்கு 50 கிலோ!

இது ஏதோ பேப்பர்ல போட்ட கணக்குன்னு நினைக்காதீங்க. பெர்லின்ல சாரிட்டே மருத்துவமனையில ஜார்ஜ் பெர்க்மன் குழு, செயற்கைத் தோள் மூட்டுக்குள்ளயே அளவெடுக்கற கருவியை வச்சு, ஆள் நடமாடறப்பவே உள்ள எவ்வளவு பாரம் ஏறுதுன்னு ரேடியோ வழியா அளந்தாங்க. வீட்டுல சாதாரணமாப் பண்ற சில வேலைகளுக்கே கிட்டத்தட்ட உடம்பு எடை அளவுக்குப் பாரம் ஏறுச்சு. கையில நாம நடக்கறதில்லையே, அதுல என்ன பாரம் வரப் போகுதுன்னு நினைக்கறவங்களுக்காகச் சொல்றேன்.

இந்தப் பாரம் பந்தை எந்தப் பக்கம் தள்ளும்? கீழயும், உள்பக்கமும். பிளேட் வெளிப்பக்கம் இருக்கு. அப்ப வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். உள்பக்கம் எலும்போட எலும்பு முட்டிக்கிட்டு நின்னா நசுக்கற பாரத்தை எலும்பே வாங்கிக்கும். பிளேட்டுக்கு இழுபடற வேலை மட்டும்தான். இரும்புக்கு இழுபடறது ரொம்ப சுலபம். உள்பக்கம் பொக்கையா இருந்தா, மொத்தமும் பிளேட்டை வளைக்கற வேலையா மாறிடும். அந்த வளைவு ஸ்க்ரூ வழியாப் போய் பந்துக்குள்ள இருக்கற மெல்லிசு எலும்பு மேல இறங்கும்.

எனக்குக் கையில பண்ணிப் பாத்தாத்தான் மனசு ஆறும். பட்டறையில ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன்.

ஒரு பிவிசி பைப்பை ரெண்டா அறுத்தேன். நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு பக்கமா அலுமினியப் பட்டையை வச்சு ஸ்க்ரூ அடிச்சேன். கீழ் முனையை வைஸ்ல கடிச்சுட்டு, மேல் முனையில ஸ்ப்ரிங் தராசை மாட்டி, பட்டைக்கு எதிர்ப்பக்கமா இழுத்தேன். பட்டை ரொம்ப சுலபமா வளைஞ்சுது. எதிர்பாத்ததுதான்.

அடுத்து, பட்டைக்கு எதிர்ப்பக்கம் அந்த இடைவெளியில சின்னதா ஒரு மரச்சில்லைச் செருகினேன். விரல் நகம் அளவு. அவ்வளவுதான்.

அசையவே இல்லீங்க!

அதே பைப்பு, அதே பட்டை, அதே ஸ்க்ரூ. தராசு முள்ளு ஏறுது, பைப்பு நகர மாட்டேங்குது. நான் சந்தோஷத்துல சத்தம் போட்டதுல பக்கத்துப் பட்டறைப் பையன் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டான். அவனையும் இழுக்க வச்சேன். சில்லை எடுத்துட்டு இழு, வச்சுட்டு இழு. அவனும் "என்னண்ணா இது"ங்கறான்.

சில்லைப் பட்டை இருக்கற பக்கமாவே செருகிப் பாத்தேன். ஒரு பிரயோஜனமும் இல்ல. இடம்தான் எல்லாம்.

அப்பறம் வந்தவங்க எல்லாரும் சொன்னதையும் சோதிச்சுப் பாக்கணும்ல? "நல்லா ஸ்ட்ராங்கா"ன ஒரு கனமான பட்டையை எடுத்தேன். பட்டை கனம் ஒன்றரை மடங்கு ஆனா விறைப்பு ஒன்றரை மடங்கு ஆகாது, மூணு மடங்குக்கும் மேல ஆகும் (ஒன்றரையை மூணு தடவை பெருக்கிப் பாருங்க, 3.375). இந்தத் தடவை மேல் துண்டுக்குப் பைப்பு வேண்டாம், வயசான எலும்புக்குப் பதிலா தெர்மகோல் கட்டை. சில்லு இல்லாம இழுத்தேன். பட்டை கொஞ்சம்கூட வளையல. ஸ்க்ரூவும் வளையல. தெர்மகோல்தான் ஸ்க்ரூ மேல அப்படியே அமுங்கி, ஸ்க்ரூ முனை மறுபக்கம் எட்டிப் பாத்துச்சு.

அப்படியே உக்காந்துட்டேன். ஏன்னா நிஜத்துலயும் நடக்கறது இதேதான்.

பெரியம்மாவுக்கு வச்சது பைலோஸ்னு சொல்ற வகை. சுவிட்சர்லாந்துக்காரங்க வடிவமைச்சு 2000-களோட ஆரம்பத்துல வந்தது. இப்ப நம்மூருலயும் அதே மாதிரி செய்யறாங்க. மேல் பகுதியில பந்துக்குள்ள போறதுக்கு ஒன்பது ஸ்க்ரூ ஓட்டை. ஒவ்வொண்ணும் வெவ்வேற கோணம். இதுல விசேஷம் என்னன்னா, ஸ்க்ரூவோட தலையிலயும் மரை, பிளேட்டோட ஓட்டையிலயும் மரை. ரெண்டும் பூட்டிக்கும். லாக்கிங் பிளேட்டுன்னு பேரு.

பழைய பிளேட்ல ஸ்க்ரூ தலை சும்மா அழுத்திப் பிடிக்கும். பிளேட்டும் எலும்பும் உரசற உராய்வுலதான் மொத்தப் பிடிப்பும். வயசான எலும்புல ஸ்க்ரூ ஒவ்வொண்ணாத் தளர்ந்து வெளிய வரும். லாக்கிங்ல அது இல்ல. எல்லா ஸ்க்ரூவும் சேர்ந்து ஒரே கட்டுமானமா நிக்கும். வயசானவங்க எலும்புல பிளேட் வைக்க தைரியம் வந்ததே இதனாலதான்.

ஆனா இதுக்கும் ஒரு விலை இருக்கு. ஸ்க்ரூ பின்வாங்காது. பந்து கீழ சாஞ்சு அமுங்கினா, ஸ்க்ரூ நின்ன இடத்துலயே நிக்கும், பந்துதான் அது மேல இறங்கும். முனை பந்தோட வழவழப்பான பரப்பைத் துளைச்சுக்கிட்டு மூட்டுக்குள்ள வந்துடும். கையை அசைக்கற ஒவ்வொரு தடவையும் அந்த முனை எதிர்ல இருக்கற கிண்ணத்தைச் சுரண்டும். பிளேட் உடையவே இல்ல, ஸ்க்ரூ உடையவே இல்ல, ஆனா தோள் போச்சு.

"டைட்டானியம் உடையாதுங்க." பெரும்பாலும் உண்மைதான். அது உடையாம நின்னு எலும்பைக் கிழிக்கறதுதான் இங்க பயம்.

2007-ல மைக்கேல் கார்ட்னர் குழு இதைத்தான் எழுதினாங்க. உள்பக்கம் தாங்கல் கிடைச்சவங்களுக்குப் பந்து இறங்கறதும் ஸ்க்ரூ துளைக்கறதும் குறைவு, கிடைக்காதவங்களுக்கு அதிகம். எலும்பையே சரியாத் தொட வச்சா நல்லது. முடியலைன்னா பந்தோட அடிப்பக்கம், உள் ஓரத்தை ஒட்டி, கீழ இருந்து மேல நோக்கி சாய்வா ஸ்க்ரூ போடறாங்க. கால்கர் ஸ்க்ரூன்னு பேரு. என் மரச்சில்லு செஞ்ச வேலையில ஒரு பங்கை அது செய்யும். ரொம்ப நொறுங்கியிருந்தா காலோட மெல்லிசு எலும்புல இருந்து எடுத்த ஒரு துண்டை, தானமாக் கிடைச்சதை, உள்ள நிறுத்தி வைக்கறதும் உண்டு. ஸ்க்ரூ முனையைச் சுத்திக் கொஞ்சம் எலும்பு சிமெண்ட் விடறவங்களும் இருக்காங்க.

பந்துக்குள்ளயும் எல்லா இடமும் ஒண்ணு இல்ல. வயசானவங்களுக்கு நடுவுல இருக்கற பஞ்செலும்பு கிட்டத்தட்ட காலி. மூட்டுப் பரப்புக்கு நேர் கீழ இருக்கற எலும்புதான் கெட்டி. அதனால ஸ்க்ரூ அந்தக் கெட்டி எலும்பு வரைக்கும் போகணும், அதே சமயம் துளைச்சு வெளிய வந்துடக் கூடாது. சில மில்லிமீட்டர் விளையாட்டு. பந்து வளைவா இருக்கறதால எக்ஸ்ரேவுல உள்ள இருக்கற மாதிரி தெரியற முனை நிஜத்துல வெளிய இருக்கலாம். அதான் ஆபரேஷன்ல கையைத் திருப்பித் திருப்பி எக்ஸ்ரே பாக்கறாங்க.

இது எவ்வளவு கஷ்டம்னு ஒரு ஆய்வு காட்டுது. 2009-ல ஸுட்காம்ப் குழு வெளியிட்டது. இந்த மாதிரி லாக்கிங் பிளேட் வச்சு, ஒரு வருஷம் தொடர்ந்து பாத்த 155 பேர்ல 52 பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல். மொத்தம் 62 சிக்கல். அதுல 25, ஆபரேஷன் முடிஞ்சு மேசையை விட்டு இறக்கறப்பவே இருந்தது. அதாவது பிளேட்டோட தப்பு இல்ல, வச்ச விதம். ஒசத்தியான பிளேட்டைத் தப்பான இடத்துல வச்சா அது ஒசத்தியான பிளேட்டே இல்ல.

இந்த இடத்துல என் தொழில் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கறேன், விடுங்க.

அந்தத் தலை மரை பூட்டறது இருக்கே, அது ஓட்டைக்கு நேரா உள்ள போனாத்தான் பூட்டும். 5 டிகிரிக்கு மேல சாஞ்சுதுன்னா பிடிப்பு கணிசமா விழுந்துடும். அதனால கையில குத்துமதிப்பா துளை போட மாட்டாங்க. ஓட்டையில ஒரு குழாயைத் திருகி நிறுத்தி, அதுக்குள்ளாறதான் டிரில்லை விடுவாங்க. இந்த வகை 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை இறுக்கறதுக்கும் அளவு உண்டு: 1.5 நியூட்டன் மீட்டர். அந்த அளவு வந்ததும் "டிக்"னு வழுக்கிடற ஸ்க்ரூ டிரைவர். நாங்க என்ஜின் ஹெட்டுக்கு டார்க் ரென்ச் போடறோம்ல, அதே தத்துவம். அதுக்கு மேல இறுக்கினா டைட்டானியமும் டைட்டானியமும் ஒட்டிக்கிட்டு, பின்னாடி கழட்ட வேண்டி வந்தா தலையையே டிரில் போட்டு எடுக்கற நிலைமை. பட்டறையில மரை ஏறி மாட்டிக்கிட்ட போல்ட்டோட மல்லுக்கட்டினவங்களுக்கு இந்த வலி தெரியும்.

இன்னொண்ணு. இந்த மொத்த விஷயத்துலயும் என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்தினது இரும்பு இல்ல. நூலு.

பிளேட்டோட ஓரத்துல குட்டிக் குட்டியா ஓட்டைங்க இருக்கும். அது ஸ்க்ரூவுக்கு இல்ல. தோளைச் சுத்தி இருக்கற தசைநார்ங்க உடைஞ்ச மேட்டுத் துண்டுங்களை ஒவ்வொரு திசையில இழுத்துட்டுப் போகும். பெரிய மேட்டை மேலயும் பின்னாடியும், சின்ன மேட்டை உள்பக்கமா. அந்தத் துண்டுங்க முட்டை ஓடு மாதிரி மெல்லிசு, ஸ்க்ரூ போட்டா நொறுங்கிடும். அதனால தசைநார் எலும்புல ஒட்டற இடத்துல தடிச்ச நூலைக் கோத்து, இழுத்து, பிளேட் ஓட்டையில கட்டறாங்க. வயசான உடம்புல எலும்பை விட அந்தத் தசைநார் ஒட்டு கெட்டி. ஒன்பது ஸ்க்ரூ பிடிக்க முடியாத இடத்தை நாலு தையல் பிடிச்சுக்குது. ஆபரேஷன் பில்லுல இதுக்குன்னு ஒரு வரிகூட யார் கண்ணுலயும் படாது.

இப்ப, "அப்ப ஒரேயடியா விறைப்பா, துளிகூட அசையாம பண்ணிட்டா?"ன்னு கேப்பீங்க. எங்க பட்டறை சூப்பர்வைசரும் அதான் கேட்டாரு. அவருக்கு சில வருஷம் முன்னாடி வண்டியில விழுந்து மேல்கையோட நடுத்தண்டு உடைஞ்சது. அது வேற கதை, ஆனா இங்கதான் சேரும்.

எலும்புக்குக் கொஞ்சம் அசைவு வேணும். சுவிஸ் ஆராய்ச்சியாளர் ஸ்டீஃபன் பெர்ரன் இதைக் கணக்காச் சொன்னாரு. உடைஞ்ச இடைவெளி எவ்வளவு, அதுல அசைவு எவ்வளவு, அந்த விகிதம்தான் முக்கியம். உடைஞ்ச உடனே முளைக்கற பிஞ்சுத் திசு 100 சதவீதம் இழுபட்டாலும் தாங்கும். அடுத்து வர்ற குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம். முழு எலும்பு 2 சதவீதம்தான். இடைவெளி 1 மில்லிமீட்டர் இருந்து, அரை மில்லிமீட்டர் அசைஞ்சா 50 சதவீதம். அங்க எலும்பு பிறக்கவே பிறக்காது. அதே அரை மில்லிமீட்டர் அசைவு, நொறுங்கிப் போன 10 மில்லிமீட்டர் இடத்துல பரவினா 5 சதவீதம். அங்க சேர ஆரம்பிச்சுடும்.

தலைகீழா இருக்குல்ல? சின்ன இடைவெளி ஆபத்து, பெரிய நொறுங்கல் பொறுத்துக்கும்.

அதனால நேரா ரெண்டா உடைஞ்ச தண்டுக்கு டாக்டர்ங்க இடைவெளியே இல்லாம அழுத்திப் பூட்டுவாங்க. நொறுங்கின தண்டுக்கு நீளமான பிளேட்டைப் போட்டு, உடைஞ்ச இடத்துக்குப் பக்கத்து ஓட்டைங்களைக் காலியா விட்டு, கொஞ்சம் வளைய விடுவாங்க. சூப்பர்வைசர் எக்ஸ்ரேவுல நடு ஓட்டைங்க காலி. "ஸ்க்ரூவுக்குக் காசு வாங்கிட்டுப் போடாம விட்டுட்டாங்க"ன்னு இத்தனை வருஷமா ஆஸ்பத்திரியைத் திட்டிக்கிட்டு இருந்தாரு மனுஷன். அது வேணும்னே விட்டதுங்கன்னு படம் போட்டு விளக்கினேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல.

ஸ்டீல் டைட்டானியம் கேள்விக்கும் பதில் இங்கதான் இருக்கு. டைட்டானியம் ஸ்டீலை விட விறைப்பு இல்ல, குறைச்சல். ஒரே அளவுப் பட்டையை வளைக்க ஸ்டீலுக்கு ஆகற பலத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்தாலே டைட்டானியத்துக்குப் போதும். அது எலும்போட குணத்துக்குக் கொஞ்சம் கிட்ட. அதுதான் அதோட நல்ல குணமே. ரெண்டுலயும் நல்லாச் சேந்தவங்க நிறைய.

அப்பறம் உலோகம்னா களைப்பு உண்டு. ஒரே அடியில உடையாதது, சின்னச் சின்ன வளைவு ஆயிரக்கணக்குல வந்தா உடையும். எலும்பு நேரத்துக்குச் சேந்து பாரத்தை வாங்கிக்கணும். கான்கிரீட்டு போடறப்ப சென்ட்ரிங் முட்டு நிறுத்தறோம்ல, பிளேட் அதுதான். கான்கிரீட்டு கெட்டியாகற வரைக்கும்தான் முட்டுக்கு வேலை. கான்கிரீட்டே இறுகலைன்னா எத்தனை ஒசத்தி முட்டு நிறுத்தியும் பிரயோஜனம் இல்ல.

1886-ல ஹாம்பர்க்ல கார்ல் ஹான்ஸ்மன்னு ஒரு டாக்டர், எலும்புக்கு முதல்முதலா உலோகத் தகடு வச்ச கதையை வெளியிட்டாரு. பின்னாடி சுலபமாக் கழட்டறதுக்காகத் தகடோட ஒரு முனையும் ஸ்க்ரூ காம்பும் தோலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். ஆரம்பத்துல இருந்தே இது கழட்டப் போற சாமான்னு நினைச்சுத்தான் வச்சிருக்காங்க. (இப்ப வயசானவங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா அப்படியே விட்டுடறாங்க. திரும்ப ஒரு தடவை மயக்க மருந்து எதுக்கு.)

இவ்வளவு சொல்லிட்டு இதைச் சொல்லலைன்னா நியாயம் இல்ல. பிளேட் வைக்கறதே எல்லாருக்கும் அவசியமா?

இங்கிலாந்துல ப்ரோஃபர்னு ஒரு பெரிய ஆய்வு. 2015-ல வந்தது. மேல் நுனி உடைஞ்சு விலகின 250 பேர். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்குக் கைக்குத் தூளி கட்டிப் பயிற்சி. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா, கை பயன்படற விதத்துல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. பந்து மூட்டை விட்டே வெளிய வந்தவங்களை அதுல சேக்கல. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு டாக்டருக்குத் தெளிவாத் தெரிஞ்சவங்களும் அதுல இல்ல. அதனால அது எல்லாருக்கும் தீர்ப்பு இல்ல. ஆனா "பிளேட் வைக்கலைன்னா கை போயிடும்"னு யாராவது உங்களை மிரட்டினா, இன்னொரு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. பெரியம்மாவுக்குப் பந்து ரொம்பச் சாஞ்சதால டாக்டர் ரெண்டு வழியையும் விளக்கிச் சொல்லி, நாங்க பேசித்தான் முடிவு பண்ணோம்.

நடுத்தண்டுக்கும் இதே விவாதம். அமெரிக்காவுல சர்மியன்டோ 1977-ல பிளாஸ்டிக் உறை போடற முறையைக் கொண்டு வந்தாரு. கையோட எடையே எலும்பை நேராக்கும், சுத்தி இருக்கற தசையே அழுத்திப் பிடிக்கும்ங்கறது தத்துவம். 620 பேரைப் பின்தொடர்ந்து அவர் 2000-ல வெளியிட்டதுல, தோல் கிழியாத உடைப்புல சேராம போனது 2 சதவீதத்துக்கும் குறைவு. 2020-ல ஃபின்லாந்துல 82 பேரை வச்சு ஒப்பிட்டாங்க. ஒரு வருஷத்துல உறைக்கும் பிளேட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா உறை போட்டவங்கள்ல பத்துக்கு மூணு பேர் பின்னாடி ஆபரேஷனுக்கு வர வேண்டியதாயிடுச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, உறையோட பலம் போடறவங்க அனுபவத்துலயும் போட்டுக்கறவங்க பொறுமையிலயும் நிறைய இருக்குன்னு எனக்குப் படுது.

நம்ம பக்கம் உடனே "புத்தூர் கட்டுக்குப் போலாமா"ன்னு ஒருத்தர் கேப்பாங்க. தண்டைச் சுத்தி அழுத்திப் பிடிக்கற யோசனை தப்பில்லன்னு மேல சொன்னதே சாட்சி. ஆனா பந்துக்குக் கீழ உடைஞ்சதை எந்தக் கட்டும் சுத்திப் பிடிக்க முடியாது, அங்க பிடிமானமே இல்ல. அப்பறம் எந்தக் கட்டா இருந்தாலும் சரி, எங்க கட்டினதா இருந்தாலும் சரி, விரல் மரத்துப் போனா, நீலமா மாறினா, விரலை நீட்டினாலே உயிர் போற வலி வந்தா, அந்த நிமிஷமே அவிழ்த்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. விடியட்டும்னு இருக்காதீங்க. நடுத்தண்டு உடைஞ்சவங்களுக்கு மணிக்கட்டு தூக்க முடியாம தொங்கறதும் உண்டு. எலும்பை ஒட்டியே ஓடற நரம்பு அடிபடறதால வர்றது. பெரும்பாலும் தானே திரும்பிடும், ஆனா டாக்டர்கிட்ட முதல் நாளே சொல்லிடணும்.

பிளேட் விக்கறவங்க காகிதத்துல "எங்களது இத்தனை சதவீதம் உறுதி"ன்னு போட்டிருப்பாங்க. அந்தச் சோதனை எப்படி நடக்குதுன்னு படிச்சேன். அமெரிக்காவுல வாஷான் தீவுல ஒரு கம்பெனி செய்யற செயற்கை எலும்பு, இல்லைன்னா தானமாக் கிடைச்ச உடல்களோட எலும்பு. அதுல உடைப்பை அறுத்து உண்டாக்கி, பிளேட் போட்டு, மெஷின்ல ஆயிரக்கணக்கான தடவை வளைப்பாங்க, முறுக்குவாங்க. நல்ல சோதனைதான், நானும் பைப்புல அதைத்தானே பண்ணேன். ஆனா மெஷின்ல இருக்கற எலும்பு சேராது. அதுக்கு ரத்த ஓட்டம் இல்ல, சுத்தித் தசை இல்ல. ராத்திரி தூக்கத்துல புரண்டு படுக்காது. ஒரு பிளேட் இன்னொண்ணை விட மெஷின்ல ஜெயிச்சதுங்கறதுக்காக உங்க அம்மா தோள்லயும் ஜெயிக்கும்னு கிடையாது.

அப்ப எதைக் கேக்கணும்?

ஆபரேஷன் முடிஞ்ச எக்ஸ்ரேவை வாங்கி டாக்டர்கிட்ட தைரியமாக் கேளுங்க. உள்பக்கம் எலும்பு தொட்டு நிக்குதா? இல்லைன்னா அங்க தாங்கலுக்கு என்ன வச்சிருக்கீங்க? ஸ்க்ரூ முனை எல்லாம் பந்துக்குள்ளதான் இருக்கா? எப்ப இருந்து கையை எந்த அளவுக்குத் தூக்கலாம்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவாரு. எங்க டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து விளக்கினாரு.

வீட்டுல கவனிக்க வேண்டியது: குனிஞ்சு நின்னு கையைத் தொங்க விட்டு ஆட்டற பயிற்சி, பிசியோ சொன்ன நாள்ல இருந்து, சொன்ன அளவுக்கு. பயந்துக்கிட்டு அசைக்காமலே வச்சா தோள் இறுகிடும், அப்பறம் தலை சீவவும் முடியாது. ஆனா அந்தக் கையை ஊனி எந்திரிக்கறது மட்டும் டாக்டர் சொல்ற வரைக்கும் கூடவே கூடாது. ஊனினா கிட்டத்தட்ட மொத்த உடம்பு எடையும் அந்தப் பந்து மேல போகும். பெரியம்மா கட்டிலுக்கு நல்ல கைப் பக்கமா நான் பைப்புல கைப்பிடி வெல்டு பண்ணிக் கொடுத்திருக்கேன். நாற்காலியும் உயரம் கூட்டியாச்சு. வலி குறைஞ்சுக்கிட்டே வந்தது திடீர்னு கூடினாலோ, கையைத் திருப்பறப்ப உள்ள கரகரன்னு சுரண்டற மாதிரி இருந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். போய் எக்ஸ்ரே எடுத்துடுங்க.

கடைசியா, பாக்க வந்த ஒருத்தரும் கேக்காத கேள்வி ஒண்ணு: நின்ன உயரத்துல இருந்து விழுந்ததுக்கே எலும்பு ஏன் உடைஞ்சுது?

எலும்பு மெலிஞ்சு போயிருக்கு, அதனாலதான். ஒரு தடவை இப்படி உடைஞ்சவங்களுக்கு இன்னொரு எலும்பு, குறிப்பா இடுப்பு, உடையற ஆபத்து மத்தவங்களை விட அதிகம். பிளேட் அந்த ஒரு எலும்பைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதனால எலும்பு அடர்த்தி பாக்கற டெக்ஸா ஸ்கேனும், வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையும் பண்ணச் சொல்லிக் கேளுங்க. எலும்பு மெலியறதை மட்டுப்படுத்த மாத்திரையும் ஊசியும் இருக்கு, டாக்டர் பாத்துக் கொடுப்பாரு. பெரியம்மாவுக்கு அடுத்த வாரம் டெக்ஸா எழுதியிருக்கு. உங்க வீட்டுல அம்பதைத் தாண்டின யாருக்காவது சும்மா வழுக்கி விழுந்ததுல மணிக்கட்டோ தோளோ உடைஞ்சிருந்தா, அது பத்து வருஷம் முன்னாடியா இருந்தாலும் சரி, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.